அடிப்பக்க முத்திரையின் ஆயுள்

நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றதற்கு மறு ஆண்டு, 1816-இல், இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஸ்போட் என்ற பீங்கான் நிறுவனம் ‘ப்ளூ இட்டாலியன்’ என்னும் நீலச் சித்திரத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் இத்தாலிய இடிபாடுகளும் ஆற்றங்கரையும். விளிம்பைச் சுற்றி ஜப்பானின் இமாரிப் பாணிப் பூவேலை. அதற்குப் பிறகு எத்தனையோ அரசர்கள் வந்து போனார்கள், பேரரசே கலைந்தது, தட்டைச் செய்த நிறுவனமும் ஒருமுறை நொடித்துப்போனது. தட்டு மட்டும் இன்றும் கடையில் கிடைக்கிறது.

ஸ்போட் தனித்த உதாரணம் அல்ல. வெட்ஜ்வுட் 1759-இல் தொடங்கியது, டென்பி 1809-இல், ராயல் டௌல்டன் 1815-இல். சமையலறைப் பக்கம் வந்தால் மேசன் கேஷ் மாவுக் கிண்ணம், நீல வெள்ளைப் பட்டைகள் கொண்ட கார்னிஷ்வேர், டூவலிட் ரொட்டி வாட்டி என்று வரிசை நீள்கிறது. மலிவான தட்டு எங்கும் கிடைக்கும் காலத்தில் இந்தப் பெயர்களை மக்கள் ஏன் இன்னும் தேடிப் போகிறார்கள்? ‘பழமை மோகம்’ என்று ஒரு சாரார் சொல்வார்கள். ‘அரச குடும்பத்தின் பளபளப்பு’ என்பார்கள் மற்றொரு சாரார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அவற்றால் மட்டும் ஒரு தட்டு இருநூறு ஆண்டு பிழைத்துக் கிடக்காது. அன்றாடப் பயன்பாட்டில் பொருள் தன் இடத்தைத் தானே சம்பாதித்ததும், அதைச் செய்யும் கைத்திறன் அறுபடாமல் வந்ததும்தான் இந்த ஈர்ப்பின் வேர் என்பது என் முடிவு. அந்த வேரை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் விற்பவர்கள் முன்னோர் சேர்த்ததைத் தின்று தீர்க்கிறார்கள்.

மண்ணும் கரியும் கால்வாயும்

இங்கிலாந்துப் பீங்கானின் தாயகம் ஸ்டாஃபோர்ட்ஷயர். டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் 1910-இல் ஒன்றாக இணைந்தன. 1925-இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற மாநகரமாயின. பாண்டம் செய்வதற்கான களிமண்ணும் சூளைக்கு வேண்டிய நிலக்கரியும் அங்கே அருகருகே கிடைத்தன. வெள்ளைப் பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண் தெற்கே கார்ன்வாலிலிருந்து வர வேண்டியிருந்தது. என்றாலும் தொழில் மண்ணைத் தேடிப் போகாமல் கரி கிடைத்த இடத்திலேயே நின்றது. சுடப்படும் மண்ணைவிடச் சுடுவதற்கான கரி எடையில் பல மடங்கு அதிகம் தேவைப்பட்டதே காரணம்.

இந்த ஊர்களின் தலைவிதியை மாற்றியவர் ஜோசையா வெட்ஜ்வுட். 1730-இல் பர்ஸ்லத்தில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் அம்மை நோய் தாக்கி முழங்கால் பழுதானது. 1768-இல் அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நின்று மிதித்துச் சக்கரம் சுற்ற முடியாதவர் பரிசோதனையில் இறங்கினார். மண் கலவைகளையும் மெருகுப்பூச்சுகளையும் ஆயிரக்கணக்கில் சோதித்துக் குறித்துவைத்தார். அதன் பலனாக வந்த பாலாடை நிறப் பாண்டம், சார்லட் அரசிக்கு 1765-இல் செய்துகொடுத்த தேநீர்த் தொகுதிக்குப் பின் ‘குவீன்ஸ் வேர்’ என்ற பெயர் பெற்றது. ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக அவர் பட்டறை 1774-இல் முடித்துக்கொடுத்த விருந்துத் தொகுதியில் 952 உருப்படிகள். அவற்றில் தீட்டப்பட்டவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நிலக்காட்சிகள்.

சாலையில் வண்டி குலுங்கினால் பாதிப் பண்டம் உடையும். எனவே ட்ரென்ட்–மெர்சி கால்வாய்க்காக முன்னின்று பாடுபட்டவர்களில் வெட்ஜ்வுட்டும் ஒருவர். 1766-இல் முதல் மண்ணை வெட்டியவர் அவர். 1777-இல் கால்வாய் முடிந்தது. லண்டனில் காட்சிக்கூடம், படங்கள் கொண்ட விலைப்பட்டியல், ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளர், பிடிக்காவிட்டால் பணம் திருப்பித் தரும் உறுதி என்று இன்றைய வணிகத்தின் பல வழிகளை அவர் அன்றே கையாண்டார். தம் பெயரை ஈர மண்ணிலேயே அழுத்தித் தொடர்ந்து பதித்தார். தட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் அந்த முத்திரை ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று சொன்னது. இன்றைக்கும் ஸ்டோக் நகரத்துக்காரர்கள் எந்த ஊர் உணவகத்தில் உட்கார்ந்தாலும் தட்டைத் திருப்பி அடியைப் பார்ப்பார்கள் என்பது அங்கே பெருமையோடு சொல்லப்படும் வழக்கம்.

தேநீர் கொடுத்த வாய்ப்பு

பண்டம் தயாராக இருந்தாலும் வாங்க ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேயிலை கொண்டுவந்து சேர்த்தது. 1784-இல் பிரிட்டிஷ் அரசு தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து பன்னிரண்டரை விழுக்காட்டுக்குக் குறைத்தது. பணக்காரர் வீட்டுப் பானம் நடுத்தரக் குடும்பத்துக்கும் பிறகு தொழிலாளி வீட்டுக்கும் இறங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் கெண்டியும் கோப்பையும் சாஸரும் தேவைப்பட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் முதலாம் ஜோசையா ஸ்போட், மெருகுப்பூச்சுக்கு அடியில் நீலச் சித்திரத்தை அச்சிடும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்தியபோது, காலியான அலமாரிகளை ஸ்டாஃபோர்ட்ஷயர் நிரப்பியது.

அவருடைய மகன் இரண்டாம் ஸ்போட் 1800-ஐ ஒட்டி ‘போன் சைனா’வின் கலவையை நிலைப்படுத்தினார். மாட்டெலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி, மீதியில் வெண்களிமண்ணும் சீனக்கல்லும் பாதிக்குப் பாதி. மெல்லியதாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க விரல் நிழலாகத் தெரியும், ஆனால் பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு எளிதில் உடையாது. உலகப் பீங்கான் வரலாற்றுக்கு இங்கிலாந்து தந்த தனிக்கொடை இது.

ஸ்போட் செம்மைப்படுத்திய அச்சு முறை பர்ஸ்லத்தின் மிடில்போர்ட் பட்டறையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1880-களின் இறுதியில் கட்டப்பட்ட அந்தப் பட்டறையில் பர்லி என்ற பெயரில் பாண்டங்கள் உருவாகின்றன. சித்திரம் செதுக்கிய செப்பு உருளையில் எண்ணெய் கலந்த வண்ணத்தைச் சூடாகத் தேய்க்கிறார்கள். மெல்லிய காகிதம் அதன் மேல் ஓடிச் சித்திரத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை சுட்ட, இன்னும் மெருகேறாத கோப்பையின் மேல் ஒரு பெண் அந்தக் காகிதத்தைக் கத்தரித்துப் பொருத்துகிறார். வளைவு வரும் இடத்தில் மடிப்பு விழாமல், பூ பாதியில் அறுபடாமல் கண்ணளவில் ஒட்ட வேண்டும். பிறகு முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பார்; காகிதத்தைத் தண்ணீரில் கழுவி எடுத்தால் வண்ணம் மட்டும் மண்ணில் தங்கும். அதன் பிறகே மெருகும் அடுத்த சூடும். கைப்பிடிக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் காகிதத்தின் இரண்டு ஓரங்கள் சந்தித்த கோடு மெலிதாகத் தெரியும். ஒரு மனிதக் கை அங்கே முடிவெடுத்திருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அந்தக் கோடு.

அடுக்களை ஏற்றுக்கொண்டவை

விருந்து மேசையின் அழகுக்கு நிகரான கதை சமையலறைப் பண்டங்களுக்கும் உண்டு. அங்கே அழகைவிட வசதி முதலில் நிற்கும். ‘பிரௌன் பெட்டி’ என்ற பழுப்புத் தேநீர்க் கெண்டியின் வேர் ஸ்டாஃபோர்ட்ஷயரின் செம்மண். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் எலர்ஸ் சகோதரர்கள் அந்த மண்ணில் சீனக் கெண்டிகளைப் போலச் செய்யத் தொடங்கினார்கள். உருண்டை வயிற்றில் இலை தாராளமாகச் சுழன்று சாறு இறங்கும். செம்மண் சூட்டைப் பிடித்து வைக்கும். கரும்பழுப்பு மெருகில் தேநீர்க் கறை தெரியாது. யார் வடிவமைத்தது என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது; பல தலைமுறைக் குயவர்கள் தேய்த்துத் தேய்த்துத் திருத்திய வடிவம் அது.

மேசன் கேஷ் கிண்ணத்தின் வெளிப்புறம் வைக்கோல் நிறம், உள்புறம் வெள்ளை. வெளியே ஓடும் புடைப்புக் கட்டங்கள் அலங்காரம் போலத் தெரிந்தாலும், ஒரு கையால் கிண்ணத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் மாவைப் பிசையும்போது வழுக்காமல் பிடிக்க அவையே உதவுகின்றன. டெர்பிஷயரின் டி. ஜி. கிரீன் நிறுவனம் 1920-களில் கொண்டுவந்த கார்னிஷ்வேரில் பாண்டம் முழுவதும் நீலக் குழம்பு பூசி, கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, வேண்டிய இடங்களில் நீலத்தைச் சீவி எடுப்பார்கள். அடியிலுள்ள வெள்ளை மண் பட்டையாகத் தெரியும். தொட்டால் நீலம் மேலாகவும் வெள்ளை சற்றே பள்ளமாகவும் விரலுக்கு உணர்த்தும்.

டூவலிட் ரொட்டி வாட்டியும் இதே இனம்தான். 1945-இல் தொடங்கிய நிறுவனம் அது. வாட்டியை ஒரே ஆள் கையால் பூட்டுகிறார். அடித்தகட்டில் தம் அடையாளத்தைப் பதிக்கிறார். சூடேற்றும் தகடு பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பழுதானதைத் தூக்கி எறிந்து புதிது வாங்கப் பழக்கப்பட்ட காலத்தில், திருகாணியைக் கழற்றிப் பழுதுபார்க்க இடம்கொடுக்கும் ஒரு மின்கருவி வாங்குபவருக்குச் செய்யும் மரியாதை பெரிது.

மேசைக் கத்திக்கும் கரண்டிக்கும் ஷெஃபீல்ட். 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஹாலம்ஷயர் கத்திக் கொல்லர் சங்கம், யார் எந்த முத்திரை இடலாம் என்பதைக் காத்துவந்தது. 1913-இல் அங்கே ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழாய் தேய்ந்துபோவதற்குத் தீர்வு தேடி உருக்கோடு குரோமியம் கலந்தபோது, துருப்பிடிக்காத எஃகு கைக்கு வந்தது. ஆயுத ஆய்வில் பிறந்த உலோகம் சாப்பாட்டு மேசைக்குப் போனது. நம் வீடுகளில் அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களின் வம்சாவளியும் அங்கே போய்ச் சேரும்.

ஈர்ப்பின் காரணங்கள்

முதல் காரணம் தொடர்ச்சி. ஒரு வடிவம் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தால், உடைந்த ஒரு கோப்பைக்காக முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியதில்லை. பிரிட்டிஷ் குடும்பங்களில் திருமணத்துக்கு ஒரு சித்திர வகையைத் தேர்ந்து கடையில் பட்டியல் கொடுத்துவைப்பார்கள். உறவினர் ஆளுக்கொரு உருப்படியாக வாங்கித் தருவார்கள். நம் சீர்வரிசையில் வந்த பாத்திரத்தைப் போல, யார் கொடுத்தது என்ற நினைவோடு அது குடும்பத்தில் தங்கும். போர்ட்மீரியன் நிறுவனத்தின் சூசன் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1972-இல் வெளியிட்ட ‘பொட்டானிக் கார்டன்’ இதை இன்னும் எளிதாக்கியது. ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு செடி; விளிம்பு இலைவேலை மட்டும் ஒன்று. எதை எதோடு வைத்தாலும் சேரும். பிறந்தநாளுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

இரண்டாவது, பற்றாக்குறை விட்டுச்சென்ற ஏக்கம். இரண்டாம் உலகப் போரில், 1942 முதல், உள்நாட்டில் சித்திர வேலைப்பாண்டம் விற்கத் தடை வந்தது. வண்ணப் பாண்டமெல்லாம் ஏற்றுமதிக்கு. சொந்த மக்களுக்கு வெறும் வெள்ளை. தடை நீங்கியது 1952-இல். பத்தாண்டு வெள்ளைத் தட்டில் உண்ட தலைமுறைக்கு ஒரு பூப்போட்ட கோப்பை என்பது சமாதான காலம் திரும்பியதன் அடையாளம். அவர்கள் அதைப் பொத்திப் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்ததில் வியப்பில்லை.

மூன்றாவது, கதை. சில கதைகள் உண்மை. சில விற்பனைக்காகப் புனைந்தவை. ‘வில்லோ’ தட்டிலுள்ள பாலமும் வில்லோ மரமும் இரண்டு பறவைகளும் பழைய சீனக் காதல் கதையைச் சொல்வதாகப் பலர் நம்பினார்கள். சித்திரம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்தது. காதல் கதை அதற்குப் பின்னால் சேர்த்துக் கட்டியது. கதை பொய்யாகியும் தட்டு நிலைத்தது, ஏனென்றால் நீலமும் வெள்ளையும் எந்த உணவோடும் பொருந்தின.

நான்காவதாக அரசமுத்திரை, பெருமை, அந்தஸ்து. விற்பனை தொடங்க இவை உதவின. அரசி வாங்கினாள் என்று தெரிந்தால் ஊரே வாங்கும் என்பதை வெட்ஜ்வுட் நன்றாக அறிந்திருந்தார். ஆனால் பிரௌன் பெட்டியையும் கார்னிஷ்வேரையும் காத்தவர்கள் அன்றாடம் அடுப்படியில் நின்றவர்கள். அந்தஸ்து வாங்கவைக்கும், பழக்கம்தான் மறுபடி வாங்கவைக்கும்.

யார் கொடுத்த விலை

இந்த அழகின் கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. 1841-இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைகளை ஆய்வு செய்த சாமுவேல் ஸ்கிரைவன், சின்னஞ்சிறு பிள்ளைகள் ஈர அச்சுகளைத் தூக்கிக்கொண்டு வெக்கை அறைக்கும் பட்டறைக்கும் நாள் முழுதும் ஓடியதை அறிக்கையாக்கினார். மெருகுக் குழம்பில் கையை முக்கியவர்களுக்கு ஈய நஞ்சு. சிக்கிமுக்கிக்கல் தூளைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோய். ஷெஃபீல்டில் கத்தி தீட்டியவர்களும் கல் தூசியால் இளமையிலேயே இறந்தார்கள். புட்டி வடிவச் சூளைகள் ஈராயிரத்துக்கு மேல் புகைந்த அந்த ஊர்களின் வானம், 1956-இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகே தெளிந்தது. இன்று அந்தச் சூளைகளில் ஐம்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன.

கோப்பைக்குள் ஊற்றப்பட்டதற்கும் ஒரு விலை இருந்தது. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து மலையகம் எங்கும் தோட்டங்கள் பரவின. அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். பிரிட்டிஷ் தேநீர் மேசையின் மரபைப் பேசும் எவரும் இந்த உழைப்பை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

பெயர் இருக்கிறது, பட்டறை எங்கே?

கடந்த இருபதாண்டுச் சரித்திரம் கவலை தருகிறது. ராயல் டௌல்டனின் பர்ஸ்லம் ஆலை 2005-இல் மூடப்பட்டது. ஸ்போட் 2008-இல் நொடித்தது. 2009 ஜனவரியில் வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் குழுமம் வீழ்ந்தது. உற்பத்தியின் பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குப் போனது. 2015-இல் பெயர் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் கைக்கு மாறியது. 1800-இல் பிறந்த டட்சன் 2019-இலும் ராயல் ஸ்டாஃபோர்ட் 2025-இலும் மூடின. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளைகளுக்கு எரிவாயு விலை ஏறியது தாங்க முடியாத சுமை. மலிவான இறக்குமதி இன்னொன்று. வீட்டில் விருந்து வைக்கும் பழக்கம் மாறியது மற்றொன்று.

மீட்சியின் சான்றுகளும் உண்டு. 1985-இல் எம்மா பிரிட்ஜ்வாட்டர், தாயின் பிறந்தநாளுக்கு மனத்துக்குப் பிடித்த கோப்பை கிடைக்காமல் தாமே செய்யப் புறப்பட்டார். பஞ்சால் ஒற்றி வண்ணமிடும் பழைய முறையை ஸ்டோக்கிலேயே வளர்த்தெடுத்தார். 2009-இல் ஸ்போட் பெயரை வாங்கிய போர்ட்மீரியன், ப்ளூ இட்டாலியனை மீண்டும் ஸ்டோக்கில் செய்யத் தொடங்கியது. இடிந்து விழ இருந்த மிடில்போர்ட் பட்டறையை 2011-இல் ஓர் அறக்கட்டளை வாங்கிச் சீரமைத்தது. 2014-இல், ஓய்வூதியக் கடனுக்காக வெட்ஜ்வுட் அருங்காட்சியகத் தொகுப்பு ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது, 1 கோடியே 57 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு திரட்டப்பட்டு அது காப்பாற்றப்பட்டது. பொதுமக்களிடம் கேட்ட பங்கு ஒரே மாதத்தில் சேர்ந்தது. வெறும் விளம்பரத்தால் இந்த அளவு பாசத்தை உண்டாக்க முடியாது.

பெயர்கள் எல்லை தாண்டுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு டி.டி.கே. குழுமம் இங்கே பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2016-இல், அதே டி.டி.கே. பிரெஸ்டீஜ், பிரிஸ்டலில் 1896-இல் தொடங்கிய ஹார்வுட் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. நம் சமையலுக்கு ஏற்றபடி குக்கரைத் திருத்தி, கேஸ்கட்டையும் வால்வையும் தெருமுனைக் கடைவரை கொண்டுசேர்த்ததால்தான் அந்தப் பெயர் இங்கே வேரூன்றியது. ஆக, எந்த மண்ணில் செய்தார்கள் என்பதோடு, செய்பவர் பொறுப்பேற்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் செய்தால் அதை மறைக்காமல் சொல்வதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். இருநூறு ஆண்டுப் பெயரை முகப்பில் பெரிதாகப் போட்டு, செய்த ஊரைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மரபு என்பது நிறுவனம் எழுதிக்கொள்ளும் ஆண்டு எண் அல்ல. ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. எனவே பழம்பெயர் பதித்த ஒரு பொருளை வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று கேள்விகளைத் தருகிறேன். அடியைத் திருப்பிப் பாருங்கள்: எங்கே செய்தது என்று சொல்கிறதா? கடைக்காரரிடம் கேளுங்கள்: பத்தாண்டு கழித்து இதில் ஒன்று உடைந்தால் ஒன்று மட்டும் கிடைக்குமா, உதிரிப்பாகம் உண்டா? உங்களையே கேளுங்கள்: இதைத் தினமும் பயன்படுத்துவேனா? மூன்றுக்கும் ஆம் என்றால் துணிந்து வாங்குங்கள். வாங்கியதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் புழங்குங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், பெயர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்த விலைக்கு அது தகாது.